40 சென்ட்

காலை 5:20. காரின் பின்புறம் ஆறு வாளிகள். ஒவ்வொன்றிலும் கால் வாளித் தண்ணீர், அதில் கார்னேஷன், ஸ்னாப்டிராகன், ஸ்டாட்டிஸ் பூக்கள் விறைத்து நின்றுகொண்டிருந்தன. ஆடாமல் இருக்கட்டும் என்று வாளிகளுக்கு நடுவே பழைய துண்டுகளைத் திணித்திருந்தேன்.

"அம்மா, திருப்பங்களில் மெதுவாகப் போ" என்றாள் மகள்.

வயது பதினாறு. தன்னைப் பற்றிய கவலை இல்லை, பூவைப் பற்றியதுதான். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல ஸ்கார்ஃப், அதற்கு மேல் நீலக் கார்டுராய் மேலங்கி. டெக்சஸின் மார்ச் மாதத்தில் அந்தத் தடித்த துணியைப் போட்டுக்கொண்டு கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிடுவது எனக்குத் தண்டனை போலத்தான் தெரிகிறது. அவளோ வீட்டு வாசலிலேயே இழுத்துவிட்டாள். வலது மார்பில் மஞ்சள் நூலில் அவள் பெயர். முதுகில் எஃப்.எஃப்.ஏ. என்ற மாணவர் அமைப்பின் சின்னம், மேலே மாநிலத்தின் பெயர், கீழே பள்ளிக் கிளையின் பெயர்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது வேளாண்மைப் பாடம் எடுத்துப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பூ அலங்காரப் போட்டிக்கு. பகுதிப் போட்டி தொடங்குவதற்கு முன்னால் பக்கத்துப் பள்ளிகளை அழைத்து ஒரு கல்லூரியில் நடத்தும் சின்னப் போட்டிதான். பூக்களைப் பள்ளிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து பொதுவில் சேர்க்க வேண்டும். பிறகு மேசைக்கு மேசை சமமாகப் பிரித்து வைப்பார்கள். எங்கள் பள்ளியின் பங்கு ஆறு வாளி. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. இந்தப் பொறுப்புக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுத நினைத்தேன். எழுத எழுத வேறு எங்கோ போகிறது. போகட்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் எஃப்.எஃப்.ஏ.வில் சேரப் போவதாகச் சொன்னபோது, அந்த எழுத்துகளுக்கு விரிவு என்ன என்று கேட்டேன். 1928இல் கான்சாஸ் சிட்டியில் 'ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா', அதாவது 'அமெரிக்காவின் வருங்கால விவசாயிகள்' என்ற பெயரில் தொடங்கிய மாணவர் அமைப்பு. அப்போது பையன்களுக்கு மட்டும். பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1969 வரை ஆகியிருக்கிறது. வேளாண்மை என்றால் ஏர் ஓட்டுவது மட்டும் இல்லை என்று காட்டுவதற்காக 1988இல் அந்த நீளப் பெயரை விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மேலங்கி 1933இல் வந்தது. இதையெல்லாம் அவள் தேர்வுக்குப் படித்து எனக்கு ஒப்பித்ததால் எனக்கும் மனப்பாடம்.

ஆடு வளர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வகுப்பில் பாதிப் பேர் ஆடு, பன்றி, முயல் வளர்க்கிறார்கள். மண்ணைச் சோதிக்கும் குழு இருக்கிறது, மாட்டைப் பார்த்து மதிப்பிடும் குழு இருக்கிறது. "நான் பூ அலங்காரத்தில் சேர்ந்திருக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு இரவு அவளோடு நான் பேசவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரி. பூச்சந்தை உள்ள ஊர்ப் பக்கம் பிறந்தவள் என்றால் இங்கே தோழிகள் உடனே மல்லிகைத் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்களுக்குத் தோட்டம் கிடையாது. அடுத்தவர் பூவைக் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கிய வீடு அது. கடைக்காரர் ஈரத்துணியில் மூட்டையாக மொட்டைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டுப் போவார். அம்மா, அக்கா, நான் மூவரும் விளக்கடியில் உட்காருவோம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுருக்கு, ஓர் இழுப்பு. முழக் கணக்கில் கூலி. இடைவெளி விட்டுக் கட்டினால் முழம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. கடைக்காரர் சரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இடைவெளி தெரிந்தால் கூலியில் கழிப்பார். பள்ளிக்கூடத்தில் என் வலது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு எப்போதும் இருக்கும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடப் 'பூக்கட்டி மகள்' என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம்.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடங்கள் ஆகின்றன. ஒரு நாள்கூடத் தலையில் பூ வைத்ததில்லை. கோயிலில் யாராவது நீட்டினால் ஒவ்வாமை என்று சொல்லிவிடுவேன். மருத்துவமனை ஒன்றின் பில் பிரிவில் வேலை பார்ப்பவள் சொல்வதால் நம்பிவிடுகிறார்கள்.

பூக்கட்டுகிற வேலையைப் படிக்கவா கடல் தாண்டி வந்தோம் என்று கணவரிடம் கேட்டேன். அவர் மதுரை நகரத்து ஆள். பூவை வாங்கிப் பழகியவர். டெக்சஸில் பள்ளியிறுதி முடிக்க நுண்கலையில் ஒரு பாடம் தேவை, பூ அலங்காரத்தை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று விளக்கினார். ஓவியம், இசை, நாடகம் எல்லாம் இருக்க இதுவா என்றேன். பதில் சொல்லாமல் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

முதல் மாதம் முழுவதும், வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "தண்டு வெட்டினோம்." சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. இலை அழுகினால் நுண்ணுயிர் பெருகும், அது தண்டின் குழாயை அடைத்துவிடும், தண்ணீருக்குள் நின்றுகொண்டே பூ தாகத்தில் செத்துப்போகும். இதை அவள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் காது நீண்டது. எங்கள் வீட்டில் பூவுக்கு ஒரு ராத்திரிதான் ஆயுள். விடியும் முன் விற்காவிட்டால் குப்பை. ஒரு பூவைப் பத்து நாள் உயிரோடு வைத்திருப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்பது புதிதாக இருந்தது.

அவர்கள் வகுப்பில் பூ வைக்கும் குளிர்பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பையன் தன் சாப்பாட்டுப் பையை அதற்குள் வைத்து மறந்துவிட்டான். பையில் ஆப்பிள். திங்கட்கிழமை திறந்தால் ஒரு வாளி கார்னேஷன் அத்தனையும் இதழைச் சுருட்டிக்கொண்டு தூங்குகின்றன. பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயுவுக்கு அந்தப் பூ அவ்வளவு பயந்தது. ஆசிரியை திட்டவில்லையாம். அந்த வாளியை வாரம் முழுவதும் மேசை மேல் வைத்து எல்லோரையும் பார்க்கச் சொன்னாராம். நல்ல ஆசிரியை. இருந்தாலும் நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

இலையுதிர் காலத்தில் வேறொரு கூத்து. இங்கே பள்ளியின் கால்பந்துக் கொண்டாட்டத்துக்குப் பெண்கள் நெஞ்சில் 'மம்' என்ற ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். செவ்வந்தியின் ஆங்கிலப் பெயரான கிரிசாந்திமத்தின் வால்தான் இந்தப் பெயர். ஒரு காலத்தில் நிஜச் செவ்வந்தியாக இருந்திருக்கிறது. இப்போது துணிப் பூ, அதிலிருந்து முழங்கால் வரை தொங்கும் ரிப்பன், மணி, பொம்மைக் கரடி. சில பெண்கள் நடந்து வரும்போது கோயில் யானை வருகிற சத்தம் கேட்கும். வகுப்பின் வருமானம் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. ரிப்பன் பின்ன அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கைவேலை வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போட்டிக் குழுவில் நால்வர். மாநிலத்தில் முதலாவதாக வரும் குழு, இண்டியானபொலிஸில் நடக்கும் தேசிய மாநாட்டில் போட்டியிடப் போகலாம். அலங்காரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பூவும் செடியும் கருவியும் வரிசையாக எண்ணிட்டு வைத்திருப்பார்கள், பெயர் எழுத வேண்டும். நோயையும் பூச்சியையும் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு. வாடிக்கையாளரிடம் பேசுவதற்குக்கூட மதிப்பெண் வரும் போட்டிகள் உண்டு.

பெயர்ப் பட்டியலைக் கேட்கும் வேலை எனக்கு வந்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டுவேன். டயாந்தஸ் காரியோஃபிலஸ், ஆன்டிர்ரைனம் மாஜஸ், ஜிப்சோஃபிலா. அவள் சொல்லச் சொல்ல, அட்டையின் பின்புறம் பார்த்துச் சரி சொல்வேன். பூச்சிகளுக்கு வந்ததும் பின்புறம் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அசுவினி. மாவுப்பூச்சி. இலைப்பேன். செதிள்பூச்சி. படத்தைப் பார்த்தவுடன் தமிழில் சொல்லிவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"ஊரில் பார்த்திருக்கிறேன்" என்றேன். மல்லிகை மொட்டைக் குடையும் புழு பட்டியலில் இல்லையே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. சில மூட்டைகளில் பாதி மொட்டு அந்தப் புழு தின்றதாக வரும். அதைப் பொறுக்கி ஒதுக்குவதற்குத் தனிக் கூலி கிடையாது.

அலங்காரத்தில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. பூக்களை அவர்கள் வேலையைக் கொண்டு பிரிக்கிறார்கள். ஸ்னாப்டிராகன், கிளாடியோலஸ் போல நெட்டையாக நின்று உயரத்தைச் சொல்வது கோட்டுப் பூ. ரோஜா, கார்னேஷன் போல உருண்டையாகக் கண்ணை இழுத்து நிறுத்துவது திரள் பூ. ஜிப்சோஃபிலா, ஸ்டாட்டிஸ் போல இடுக்கில் இருப்பது நிரப்புப் பூ. இந்தப் பெயர்கள் நான் வைத்தவை, பொறுத்துக்கொள்ளுங்கள். உயரம் பாத்திரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், அகலப் பாத்திரமென்றால் அகலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இதுவரை சரி. அப்புறம், பூவுக்கும் பூவுக்கும் நடுவில் காற்று ஓட இடம் விட வேண்டும் என்றாள்.

"இன்னும் நாலு பூ வைத்தால் என்ன?"

"அம்மா, அந்த வெற்றிடமும் அலங்காரத்தில் ஒரு பகுதி."

வெற்றிடத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். எங்கள் திண்ணையில் அதற்குக் கூலியைக் கழித்தார்கள். சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தண்டுகளைக் குத்தி நிறுத்துவதற்குப் பாத்திரத்தின் அடியில் வைக்கும் பச்சை நுரைக் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் வரும் விபத்துக்கு அதுதான் காரணம். செங்கல் வடிவில் இருக்கும், நகம் பட்டால் பொடியாகும். 1954இல் ஒஹாயோவில் ஸ்மிதர்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. அதைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் குத்திய பூவுக்குத் தண்ணீர் கிடைக்காது. குத்தின தண்டை வெளியே இழுத்தால் துளை மூடாது. ஒரு முறைதான் வாய்ப்பு. மக்காத பிளாஸ்டிக் என்பதால் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்திருக்கிறது. மகளின் ஆசிரியையும் பயிற்சிகளில் பாதியைக் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி வைத்துத்தான் நடத்துகிறார். அந்தப் போட்டியில் கட்டிதான்.

நான் உண்மையிலேயே உள்ளே இழுக்கப்பட்டது விலைத்தாளில்.

அலங்காரத்தை முடித்தால் போதாது. அதற்கு விலை போட்டுக் காட்ட வேண்டும். கொடுத்த உச்ச விலையைத் தாண்டக் கூடாது. எங்கள் போட்டியின் விதி இது: பூவும் இலையும் கொள்முதல் விலையில் மூன்று மடங்கு, பாத்திரம், கட்டி, டேப் போன்றவை இரண்டு மடங்கு, இரண்டையும் கூட்டி அதில் 20 சதவீதம் கூலி. உச்சம் 50 டாலர்.

மூன்று மடங்கா என்று முதலில் வாயைப் பிளந்தேன். பிறகு அவள் பூப்பெட்டியின் மேல் ஒட்டிய தாளைக் காட்டினாள். கொலம்பியா. இன்னொன்று எக்வடோர். இங்கே கடைகளில் விற்கும் வெட்டுப் பூக்களில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்து விமானத்தில் மியாமிக்கு வந்து, அங்கிருந்து குளிர்லாரியில் ஊர் ஊராகப் போகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மலை மேல் இருப்பதால் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், வெயிலும் அளவாக இருக்கும். வழியில் வாடியது, முறிந்தது, விற்காமல் எறிந்தது எல்லாம் அந்த மூன்று மடங்குக்குள் அடக்கம். கொலம்பியாவின் பூந்தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று அவள் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அவர்கள் கூலி எந்த வரியில் வருகிறது என்று நான் கேட்டதற்குக் கொள்முதல் விலைக்குள் இருக்கும் என்றாள். கொள்முதல் விலைக்குள் எவ்வளவு என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. பாவம், அது அவள் பாடத்தில் இல்லை.

பில் போடுவது என் தொழில். மூன்று வாரம் இரவு உணவுக்குப் பின் மேசையில் இதே வேலை. வட்ட அலங்காரம் ஒன்றை நாங்கள் உறுதி செய்துவைத்திருந்தோம். மேசை நடுவில் வைப்பது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டியது. கார்னேஷன் 7, ஒன்று 70 சென்ட், ஆக 4.90. ஸ்னாப்டிராகன் 3, ஒன்று 1.10, ஆக 3.30. ஸ்டாட்டிஸ் 2, ஆக 2 டாலர். லெதர்லீஃப் பெரணி 6, ஒன்று 25 சென்ட், ஆக 1.50. கூட்டினால் 11.70. மூன்று மடங்கு 35.10. பாத்திரமும் கட்டியும் டேப்பும் 3 டாலர், இரட்டித்தால் 6. மொத்தம் 41.10. கூலி 8.22. விலை 49.32.

68 சென்ட் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அதுதான் தப்பாகப் போனது.

கல்லூரிக் கூடத்தில் நீண்ட மேசைகள். பின்சுவரில் கை கழுவும் தொட்டிகள். உதவிக்கு வந்த பெற்றோர் தொட்டிப் பக்கம் நிற்கலாம், தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்பைத் தாண்டக் கூடாது, போட்டியாளரிடம் பேசக் கூடாது. நான் வாளிகளை இறக்கி, தண்டுகளைப் பிரித்து, மேசைக்கு மேசை எண்ணி வைத்தேன். காலை முழுவதும் பெயர் எழுதுவதும் எழுத்துத் தேர்வும். நூற்றுக்கு மேற்பட்ட நீல மேலங்கிகள் வரிசையாக நின்று ஒவ்வொரு பூவையும் முறைத்துப் பார்த்து நகரும் காட்சி, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களை நினைவுபடுத்தியது. அதே பசி முகம்.

பிற்பகல் அலங்காரம். 45 நிமிடம், விலைத்தாளும் அதற்குள்.

முதலில் பொத்தான் துளையில் குத்தும் சின்னப் பூச்செண்டு. இதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். கார்னேஷனின் இதழ்களுக்கு அடியில் இருக்கும் பச்சைப் புல்லிக்குழலில் கம்பியைக் குறுக்காகக் குத்தி, இரண்டு முனையையும் கீழே மடக்கி, அதன் மேல் டேப் சுற்ற வேண்டும். கம்பியின் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், தலைகீழ்க் கணக்கு. டேப்பில் பசை இருக்காது. மெழுகுதான் இருக்கும். இழுத்துச் சுற்றினால்தான் மெழுகு வெளியே வந்து தன்மேல் தானே ஒட்டும். பயிற்சியின்போது பல நாள் அது அவளுக்கு வரவே இல்லை. இழுக்காமல் சுற்றுவாள், அவிழும். "இடது கையில் பூவைத் திருப்பு, வலது கை சும்மா இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்" என்று ஒரு நாள் என் வாயில் வந்துவிட்டது. நூலுக்கு அம்மா எனக்குச் சொன்னது அது. எப்படித் தெரியும் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கூடத்தில் அவள் விரல்கள் அப்படித்தான் செய்தன. பூ திரும்பியது, டேப் அசையாமல் இறங்கியது.

பிறகு வட்ட அலங்காரம். பெரணி ஆறையும் அடியில் நட்சத்திரம் போலக் குத்தினாள். கார்னேஷன் ஏழு, குட்டையாக வெட்டிய ஸ்னாப்டிராகன் மூன்று, கடைசியில் ஸ்டாட்டிஸ். முப்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள். பாத்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள். உட்கார்ந்து தாளை எடுத்தாள்.

நான் நின்ற இடத்திலிருந்து எண்கள் தெரியவில்லை. அழிப்பான் தெரிந்தது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு தாளின் மேற்பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, நான் மஞ்சள் டேப்பின் மேல் நின்றுகொண்டிருப்பதைப் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா தோளைத் தட்டிச் சுட்டிக்காட்டினார்.

போட்டித் தாளில் பெரணி 30 சென்ட்.

5 சென்ட்தான் வித்தியாசம். ஆறு பெரணிக்கு 30 சென்ட். மூன்று மடங்கில் 90. அதற்கு மேல் 20 சதவீதம். 1 டாலர் 8 சென்ட். 49.32 என்பது 50.40 ஆகிவிட்டது. உச்சத்துக்கு மேல் 40 சென்ட்.

இதை அவள் பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். அப்போது கண்டது, இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் எழுந்து, பாத்திரத்தின் பின்பக்கமிருந்து ஒரு பெரணியை உருவியதை மட்டும். உருவினதும் நின்றாள். கை அந்த இடத்துக்குப் போய் மேலே இருந்த இலையைக் கீழே வளைத்துவிடப் பார்த்தது. லெதர்லீஃப் பெயருக்கேற்ற தோல், வளையவில்லை. மணி அடித்தது.

பெரணியை எடுத்தது தப்பு. ஒரு ஸ்டாட்டிஸை உருவியிருந்தால் துளை பெரணிக்கு அடியில் மறைந்திருக்கும், 3 டாலர் 60 சென்ட் குறைந்தும் இருக்கும். இதை நான் தொட்டிப் பக்கம் நின்று அரை நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்படலாம். 45 நிமிடக் கடிகாரம் என் தலைக்கு மேல் ஓடவில்லை.

நடுவர்கள் மூவர். ஒரு பெண்மணி பாத்திரத்தின் விளிம்பில் ஒரே ஒரு விரலை வைத்து மெல்லச் சுற்றினார். முக்கால் வட்டத்தில் விரல் நின்றது.

மதிப்பெண் கூட்ட ஒன்றரை மணி நேரம். கழிவு வாளிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கழுத்து முறிந்த கார்னேஷன், துண்டு துண்டாக ஸ்டாட்டிஸ், கத்தை கத்தையாக இலை. கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். கைப்பையில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் இருந்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கார்னேஷன் சரிவரவில்லை. அதன் புல்லிக்குழல் தடிமன், மெழுகு நூல் வழுக்கியது. இரண்டு கட்டுக்குள் எல்லாம் தலைகுப்புறத் தொங்கின. ஸ்டாட்டிஸ் பரவாயில்லை. காம்பு ஒல்லி, பூ காகிதம் மாதிரி, எடையே இல்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. முதல் சாண் கோணல். அடுத்த சாண் விரலுக்கு நினைவு வந்துவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் தொடாத வேலை. கண்ணை எடுத்துவிட்டு வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். வேறு பள்ளிப் பையன் ஒருவன், ஆறடி உயரம், அகலத் தொப்பி, எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி எங்கே என்று கேட்டான். ஊசி இல்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊசி இல்லாமல் எப்படி என்று மறுபடி கேட்டான்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஜிப் மட்டும் இன்னும் கழுத்து வரை. சரத்தை என் மடியிலிருந்து எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். கடைக்காரரின் அதே பிடி. எனக்கு ஒரு கணம் வயிறு கலங்கியது.

"நூல் தெரிகிறது, அம்மா" என்றாள்.

பன்னிரண்டு பள்ளிகளில் எங்கள் குழுவுக்கு ஐந்தாம் இடம். பெயர் எழுதும் பகுதியில் அவள் இரண்டு தவறுதான் செய்திருந்தாள். பூச்செண்டுக்குப் பத்துக்கு ஒன்பது. வட்ட அலங்காரத்தில் வண்ணம், அளவு, சமநிலை எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. கட்டுமானத்துக்கு மட்டும் பத்துக்கு நான்கு. 'பின்புறம் அடித்தளம் தெரிகிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார் அந்தப் பெண்மணி. விலைத்தாளில் முழு மதிப்பெண். 49.32.

ஆசிரியை என்னிடம் வந்து, படிக்கட்டில் என்ன செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், வகுப்புக்கு ஒரு நாள் வர முடியுமா என்றார். வேலை நாள்களில் கஷ்டம் என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

திரும்பும்போது இரண்டு வாளிகளில்தான் பூ மிச்சம். மகள் மதிப்பெண் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பாதி வழி வரை வாய் திறக்கவில்லை. சரம் அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

"எங்கே கற்றுக்கொண்டாய்?"

சொன்னேன். திண்ணை, மூட்டை, விளக்கு, கடைக்காரர் எல்லாம். நினைத்ததைவிடக் குறைவான நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஒவ்வாமை பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தாள்.

பிறகு தாளின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பென்சில் எடுத்தாள். "சரி, ஒரு முழத்துக்கு விலை போடலாம். எத்தனை பூ?"

"நெருக்கிக் கட்டினால் நூற்றுக்குக் கிட்ட வரும்."

"ஒரு பூ என்ன விலை?"

"தெரியாது. பூ எங்களுடையது இல்லை."

"அப்படியென்றால் நூல்? அது இரண்டு மடங்கு."

"நூலும் அவரே கொடுப்பார். மிச்சமான நூலைத் திருப்பிக் கேட்பார்."

பென்சில் நின்றது. "அப்போது இந்தத் தாளில் நீங்கள் எங்கே?"

"கடைசி வரி."

"20 சதவீதமா?"

நான் சிரித்த சிரிப்பில் திருப்பத்தைக் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு வாளி கவிழ்ந்தது. பிறகு இன்னொன்றும். தண்ணீர் இருக்கைக்கு அடியில் ஓடி வந்து என் செருப்பை நனைத்தது. அவள் மேலங்கியின் கையைச் சுருட்டிவிட்டு, இருக்கைக்கு மேல் எம்பிப் பின்பக்கம் சாய்ந்து, பூக்களைப் பிடிக்கப் பார்த்தாள். பட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார் என்று கத்தினேன். ஒரு பிடி ஸ்டாட்டிஸோடு உட்கார்ந்தாள்.

துண்டுகள் காய இரண்டு நாள் ஆயின. காரில் இன்னும் ஈரப் பெரணி வாசம்.